நாற்பத்து நான்கு லேபல்கள்

போர்க்காலத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், லேபல் அடித்தேன் என்று சொல்வேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மூன்று வருடம் அதைத்தான் செய்தேன். நன்றாகச் செய்கிறேன் என்ற நினைப்போடுதான் செய்தேன்.

மட்டக்களப்பு நகரில் வாவியோரத்து வீடொன்றில் ஒரு மருத்துவ உதவி நிறுவனம் அலுவலகம் வைத்திருந்தது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரை ஊர்களில் காசநோய் பிடித்தவர்களுக்கு வாராவாரம் மாத்திரை அனுப்புவது அதன் வேலைகளில் ஒன்று. அக்கரை இயக்கத்தின் கையில் இருந்த அந்த நாட்களில், மாத்திரையை மொத்தமாக ஒரு பெட்டியில் போட்டுத் தோணியில் ஏற்றிவிட முடியாது. ஆளுக்கொரு பொட்டலம் கட்டவேண்டும். ஒவ்வொரு பொட்டலத்திலும் பெயர், ஊர், வீட்டு இலக்கம், மாத்திரையின் பெயர், எண்ணிக்கை எல்லாம் அச்சடித்த லேபல் ஒட்டவேண்டும். அதே பெயர்கள் அதே ஒழுங்கில் ஒரு பட்டியலும் வேண்டும். புதன்கிழமை நண்பகலுக்கு முன் பட்டியலைக் கொண்டுபோய் இராணுவ முகாமில் முத்திரை வாங்குவோம். பிற்பகலில், தோணித் துறையில் இருந்த சோதனைச் சாவடியில் பொட்டலங்களை மேசையில் பரப்பிவைத்து, பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவார்கள். பட்டியலில் இல்லாத பொட்டலம் அக்கரைக்குப் போகாது. பட்டியலில் பெயர் இருந்து பொட்டலம் இல்லாவிட்டால் முழுப் பெட்டியும் திரும்பி வந்துவிடும். கையால் எழுதிய லேபலைக் கண்டால் ஆயிரம் கேள்வி. அதனால் எல்லாம் கொம்பியூட்டரில்.

அலுவலகத்தில் அந்தக் கொம்பியூட்டரைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஆறு மாத வகுப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். அந்த ஆறு மாதப் படிப்புக்கு ஆறு வருடத் தலைக்கனம் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். வயது இருபத்து மூன்று. பிழை உன்னுடையது என்று யாராவது சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

என் பெருமைக்கு ஒரு காரணமும் இருந்தது. பிரிண்டரோடு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. லேபல் தாள் கொழும்பிலிருந்து வரும், இரண்டு ஓரத்திலும் துளை போட்ட நீளமான தாள். துளைகளைப் பல்லுச் சக்கரம் பிடித்து இழுக்க, ஊசிகள் கரிய ரிபனில் கரகரவென்று குத்தி எழுதும். முதல் லேபலில் பெயர் சரியாக நடுவில் விழும். ஐந்தாவதில் கொஞ்சம் மேலே ஏறும். பத்தாவதில் பெயரின் தலை ஒரு லேபலிலும் உடல் அடுத்த லேபலிலும் கிடக்கும். ஒரு லேபலுக்கு எத்தனை வரி, இடைவெளிக்கு எத்தனை வரி என்று அடிமட்டம் வைத்து அளந்து, வெறுந்தாளில் நட்சத்திரக் குறிகளை அடித்து, அதை லேபல் தாளின்மேல் வைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து இரண்டு கிழமையில் சரிப்படுத்தினேன். மாரி தொடங்கியதும் வாவிக் காற்றின் ஈரத்தில் தாள் பொருமித் துளைகள் சக்கரத்தில் மாட்டாமல் போயின. அதற்குப் பிறகு தாளைப் பிஸ்கட் தகரத்தில் அரிசி போட்டு அதன்மேல் வைத்து மூடினேன். சில வேளை லேபலொன்று உள்ளே கழன்று உருளையில் ஒட்டிக்கொள்ளும். மருந்துக் களஞ்சியத்தில் இருந்த நானாவிடம் ஸ்பிரிட் நனைத்த பஞ்சு வாங்கித் துடைத்தெடுப்பேன்.

அந்த நானா காத்தான்குடிக்காரர், முஸ்லிம் ஆண்களில் மூத்தவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிட இருபது வயது மூத்தவர். லேபலுக்கு ஒரு பொட்டலம் என்று மாத்திரைகளை எண்ணிக் கட்டுவது அவருடைய வேலை. நான் கத்தினாலும் அவர் கத்தமாட்டார். அதுவே எனக்குப் பல நாள் எரிச்சல்.

பொட்டலங்களை அக்கரைக்குக் கொண்டுபோனவர் ஒரு தாதி. அவரை எல்லோரும் மிசி என்றுதான் கூப்பிடுவோம். ஓய்வு பெற்ற பிறகும் வேலைக்கு வந்தவர். புதன்கிழமை காலையில் அலுவலகத்துக்கு வந்து பட்டியலை எடுத்துப்போய் முத்திரை வாங்கி, பிற்பகல் பெட்டியோடு துறையைக் கடந்து, அக்கரையில் பள்ளிக்கூடமொன்றில் இருந்து பொட்டலங்களைக் கொடுப்பார். சளி பரிசோதிக்கும் போத்தில்களை அங்கிருந்து கொண்டுவருவதும் அவர்தான். அந்தப் போத்தில்களுக்கும் நானே லேபல் அடித்துக் கொடுப்பேன்.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரை மணியளவில் மிசி வந்தார். கையில் ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிய பரிசோதனை முடிவுகள். கதிரையில் உட்காராமலே கேட்டார்.

“புள்ள, நீ போத்தில் லேபல மாத்தி அடிச்சிப்போட்டாய்போல கிடக்கு.”

“நான் மாத்தி அடிக்கிறல்ல மிசி.”

“இஞ்ச பாருகா. ஒரே வளவில அக்காவும் தங்கச்சியும். ரெண்டு பேருக்கும் டீ.பி. எண்டு ஒரே நாளில எழுதின. அக்காக்கு ரெண்டு மாசமா மருந்து குடுக்கிறன், அவட சளியில இன்னும் கிருமி இரிக்காம். தங்கச்சிக்கு மருந்தே குடுக்கல்ல, அவட சளி சுத்தமாம். இது மாறித்தானே இரிக்கி?”

போத்தில் லேபலை நோயாளிக்கு முன்னால் வைத்து ஒட்டுவது மிசி. மாறியிருந்தால் அது அவர் கையில்தான் மாறியிருக்கவேண்டும். அதைச் சொன்னேன். சொன்ன விதம் நல்ல விதமல்ல. மிசியின் முகம் கறுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் சொன்னதில் பாதி என் காதில் ஏறியது.

“தங்கச்சிக்கு ஏன் மருந்து குடுக்கல்ல?”

“நீங்க அனுப்பல்லயே. பெட்டிக்குள்ள அவட பொட்டலம் ஒருநாளும் வந்தல்ல. இஞ்சால வந்து ஆஸ்பத்திரியில நேர எடுக்கிறாவாக்கும் எண்டு நினைச்சன்.”

“நான் எல்லாருக்கும்தான் அனுப்புறன், மிசி. வாங்க காட்டுறன்.”

கொம்பியூட்டரில் இளையவரின் பெயரைத் தேடினேன். இருந்தது. வயது, ஊர், வீட்டு இலக்கம், மாத்திரைகளின் கணக்கு எல்லாம் என் கையால் ஏற்றியவை. திரையை மிசியின் பக்கம் திருப்பிவிட்டு, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்பதுபோல் பார்த்தேன். மிசி அன்று காலை நான் அடித்து மேசையில் வைத்திருந்த பட்டியலை எடுத்து என் முன் வைத்தார். அதில் மூத்தவர் இருந்தார். இளையவர் இல்லை.

கொம்பியூட்டரிடம் மொத்தத்தை எண்ணச் சொன்னேன். நாற்பத்து ஏழு. பட்டியலில் நாற்பத்து நான்கு.

ஒவ்வொரு புதன்கிழமையும் லேபலை எண்ணி நாற்பத்து நான்கு என்பேன். நானா பொட்டலத்தை எண்ணி நாற்பத்து நான்கு என்பார். சாவடியில் சிப்பாயும் எண்ணிப்பார்த்து நாற்பத்து நான்கு என்று கையெழுத்து வைப்பான். கணக்கு ஒருநாளும் பிசகவில்லை. எல்லோரும் எண்ணியது நான் அடித்த தாள்களையே. தாளில் இல்லாதவரை யார் எண்ணுவது?

முதலில் பிரிண்டரைச் சந்தேகித்தேன், அதுதான் எனக்குப் பழக்கம். மூடியைத் திறந்து உருளையைச் சுற்றிப் பார்த்தேன். ஒட்டியிருந்த லேபல் எதுவும் இல்லை. அது லேபலை விழுங்கியிருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாமல் போவதற்குக் காரணமில்லை என்பது அந்த அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், ரிபனைக் கழற்றி மாட்டினேன், வெறுந்தாளில் மறுபடி அடித்தேன். நாற்பத்து நான்கு. மணி பத்தரை ஆகியிருந்தது. முகாமில் பன்னிரண்டுக்கு மேல் முத்திரை குத்தமாட்டார்கள். அன்று பிந்தினால் எல்லோருக்கும் ஒரு கிழமை மருந்து நின்றுவிடும். காசநோய்க்கு இடையில் நிறுத்தினால் மருந்து கொடுப்பதில் அர்த்தமே இல்லை என்று மிசி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். விடுபட்ட மூன்று பேரை விட்டுவிட்டு நாற்பத்து நான்கை அனுப்பலாம் என்று நானா மெதுவாகச் சொன்னார்.

“அப்ப அந்தப் புள்ளக்கு?” என்றார் மிசி.

நான் ஒரு பேனையை எடுத்துக்கொண்டு, திரையில் இருந்த பெயர்களையும் தாளில் இருந்த பெயர்களையும் வரிக்குவரி ஒப்பிட்டு, விடுபட்ட மூன்றையும் ஒரு துண்டில் எழுதினேன். மூன்றும் பெண்கள். மிசி துண்டை வாங்கிப் பார்த்தார்.

“இதுதான் நான் சொன்ன தங்கச்சி. இவ அந்தச் சந்தியடி வளவு, தாயும் மருந்து எடுக்கிறா, மகளுக்கும் இரிக்கி. மறுகா இந்த மனுசியும் அப்பிடித்தான், இவட அக்காவும் மருந்து எடுக்கிறா, அவட வளவுக்குள்ளதான் இவட வீடும்.”

அவர் சொல்லி முடிக்குமுன் எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மூத்த மகள் கலியாணம் முடித்தால் தாய் தன் வீட்டைக் கொடுத்துவிட்டு வளவின் இன்னொரு மூலைக்குப் போவாள். அடுத்த மகளுக்கு அதே வளவில் இன்னொரு வீடு எழும்பும். மாப்பிள்ளைமார்தான் வெளியிலிருந்து வந்து சேர்வார்கள். மூன்று வீடு, மூன்று அடுப்பு, ஆனால் கிராம சேவகரின் இடாப்பில் வளவு முழுவதற்கும் ஒரே இலக்கம். எங்கள் வளவும் அப்படித்தான். அம்மாவின் வீடு, அக்காவின் வீடு, எனக்கென்று கிணற்றடியில் அத்திவாரம் போட்டு விட்டிருந்த வீடு, மூன்றுக்கும் ஓர் இலக்கம்.

அதற்கு முதல் வருடம் நிவாரண அட்டைக்கு லேபல் அடிக்கும் வேலையும் என்னிடம் வந்திருந்தது. ஒரு வளவுக்கு ஓர் அட்டை என்பது அப்போது மேலிடத்துக் கட்டளை. ஒரே வளவில் மூன்று சகோதரிகள் தனித்தனியாகப் பதிந்திருந்தால் முதலாவதை மட்டும் எடுக்கவேண்டும். நான் மிகவும் கெட்டித்தனமாக, வீட்டு இலக்கப்படி அடுக்கு, அதே இலக்கம் திரும்ப வந்தால் விட்டுவிடு என்று எழுதியிருந்தேன். அதற்கு அந்த மென்பொருளில் ஒரே ஒரு சொல் போதும். பிறகு காசநோய்ப் பொட்டல வேலை வந்தபோது புதிதாக எதையும் எழுதவில்லை. இரண்டு கிழமை மாரடித்து லேபலை நடுவில் விழவைத்தது அந்த நிவாரண வேலையில்தானே. அதையே பிரதியெடுத்துத் தலைப்பை மாற்றினேன். போத்தில் லேபலுக்கு வேறு அளவென்பதால் அதைத் தனியாக எழுதினேன், அதனால் போத்தில் மட்டும் எல்லோருக்கும் போனது. ஒரே வளவில் இருவருக்குக் காசநோய் வரலாம், ஒரே வளவென்பதாலேயே வரும் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மூன்று வீட்டு வளவில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

அந்தச் சொல்லை எடுத்தேன். மறுபடி அடித்தேன். நாற்பத்து நான்கு.

மணி பதினொன்று. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மிசி யன்னலோரம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டியது, அதை மறைக்க நானாவைப் பார்த்து, ஏன் என் தலைக்குமேல் நிற்கிறீர்கள் என்று எரிந்து விழுந்தேன். அவர் இரண்டடி பின்னால் போய் நின்றார்.

“ஆறுதலாப் பாரு தங்கச்சி. நீ எழுதினதுதானே, உனக்குத் தெரியாததா” என்றார்.

நான் எழுதியதை மேலிருந்து கீழே வாசித்தேன். அடுக்கு என்று சொன்னதும் அந்த மென்பொருள் பெயர்களின் வரிசையைத் தனியாக ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு எப்போது அச்சடித்தாலும் அந்தக் கோப்பைத்தான் பார்க்கும். ஒரே இலக்கத்தை விட்டுவிடு என்ற கட்டளையோடு பிறந்த கோப்பு அது. கட்டளையை நான் மாற்றினாலும் கோப்பு பழையதுதான். அதைப் புதுப்பிக்கச் சொன்னாலும் பழைய குணத்தோடுதான் புதுப்பிக்கும். அழித்துவிட்டுப் புதிதாகத்தான் உண்டாக்கவேண்டும்.

அழித்தேன். புதிதாக அடுக்கச் சொன்னேன். வெறுந்தாளில் அடித்து, மிசியின் பக்கத்தில் நின்று விரல் வைத்து எண்ணினேன். நாற்பத்து ஏழு. மூத்தவரின் பெயர், அதற்குக் கீழே இளையவரின் பெயர்.

லேபலையும் பட்டியலையும் அடித்துக் கிழித்துக் கொடுத்தபோது பதினொன்று இருபத்தைந்து. நானா மூன்று பொட்டலங்களைக் கட்டத் தொடங்க, மிசி பட்டியலோடு முகாமுக்கு ஓட்டோவில் போனார். போன கிழமை நாற்பத்து நான்கு, இந்தக் கிழமை எப்படி நாற்பத்து ஏழு என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். புது நோயாளிகள் என்று மிசி சொன்னாராம். அவர் சொன்ன பொய் என்று நான் அறிந்தது அது ஒன்றுதான். பிற்பகல் பெட்டி துறையைக் கடந்துவிட்டதென்று செய்தி வந்ததும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பரிசோதனை முடிவு ஏன் அப்படி மாறி வந்தது என்ற கேள்வியை நான் மறந்தே போனேன்.

அடுத்த புதன்கிழமை மிசி வந்து கதிரையில் உட்கார்ந்தார். வழக்கமாகக் கேட்கும் தேத்தண்ணியைக் கேட்கவில்லை.

“தங்கச்சிக்காரியிட்ட அவட பொட்டலத்தக் குடுத்தன், புள்ள. வாங்கிப்போட்டு என்ன கேட்டா தெரியுமா? அப்ப அக்காக்கு இனி வராதா எண்டு கேட்டா.”

இரண்டு மாதமும் மூத்தவர் தன் மாத்திரையை ஒருநாள்கூட விழுங்கவில்லை. ஒவ்வொரு நாளும் வெள்ளண எழும்பி, தன் வீட்டிலிருந்து தங்கையின் வீட்டுக்கு நடந்துபோய், மாத்திரைகளை அவர் கையில் கொட்டி, தண்ணீர் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். தங்கையிடம் பால் குடிக்கிற பிள்ளை இருந்தது. ஒரு வளவுக்கு ஒன்றுதானே தருவார்கள், நிவாரண அட்டையும் அப்படித்தானே, எனக்குப் பிறகு பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். மருந்தைக் குடிக்கிறீர்களா என்று மிசி கேட்ட ஒவ்வொரு முறையும் ஓம் மிசி என்றிருக்கிறார். உண்மையைச் சொன்னால் வருகிற ஒன்றையும் நிறுத்திவிடுவார்கள் என்று பயம்.

போத்தில்கள் மாறவில்லை. பரிசோதனையும் பிழைக்கவில்லை. மருந்து குடித்தவரின் சளி சுத்தமாகவும் குடிக்காதவரின் சளி கிருமியோடும் இருந்தது. நானா பக்கத்தில் வந்து, கொம்பியூட்டர் செய்த வேலைக்கு நீ என்ன செய்வாய் என்றார். கொம்பியூட்டர் நான் சொன்னதைத்தான் செய்தது, நானா, என்றேன்.

அந்தக் கிழமையிலிருந்து இருவருக்கும் பொட்டலம் போனது. மூத்தவர் அப்போதுதான் முதன்முறையாகத் தன் மாத்திரையைக் குடிக்கத் தொடங்கினார். இளையவர் தேறி எழும்பிவிட்டார். மூத்தவருக்கு நெஞ்சு ஏற்கனவே பழுதாகியிருந்தது. மாரி பிடித்ததும் சளியோடு இரத்தம் வந்தது. மிசி அலைந்து திரிந்து அனுமதி எடுத்துத் துறையைக் கடத்திக்கொண்டுவந்து நகர ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கே பதினெட்டு நாள் இருந்தார். வட்டையில் நெல் கதிர் தள்ளுமுன் இறந்துபோனார்.

அந்தப் பதினெட்டு நாளில் ஒருநாள் நான் அவரைப் பார்க்கப் போனேன். போகாமல் இருக்க என்னவெல்லாம் சாட்டுச் சொல்லலாம் என்று ஒரு கிழமை தேடிய பிறகுதான் போனேன். பார்வையாளர் நேரம், பகல் பன்னிரண்டு மணி. வார்டின் கடைசிக் கட்டிலில் சுவரில் சாய்ந்து இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். லேபலில் அவர் பெயரை எத்தனையோ முறை அடித்திருக்கிறேன், முகத்தை அன்றுதான் கண்டேன். கொண்டுபோன தோடம்பழங்களை அலுமாரிமேல் வைத்துவிட்டு, நான் மருந்துப் பொட்டலத்துக்கு லேபல் அடிக்கிற ஆள் என்றேன். அப்படியா மகள், இரி என்று கட்டிலில் இடம் விட்டார்.

நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். மருந்துக்கு ஒரு வளவுக்கு ஒண்டு எண்டு சட்டம் ஒண்டும் இல்ல அக்கா, ரெண்டு பேருக்கும் ரெண்டு வரவேண்டியது, நான் விட்ட பிழை. அவர் என்னைத் திட்டவேண்டும் என்று உண்மையாகவே விரும்பினேன். திட்டினால் அழுதுவிட்டு எழும்பிப் போகலாம் என்றிருந்தது.

அவர் திட்டவில்லை.

“அப்ப ரெண்டு வந்திருந்தா, நானும் குடிச்சிருப்பன்தானே” என்று கேட்டார்.

ஓம் அக்கா என்றேன்.